சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம்: எந்தப் பயிற்சி பொருந்தும்?

பென்னாகரத்திலிருந்து கேள்வி:
முதல் குழந்தை சிசேரியனில் பிறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எனக்கு ஏழாம் மாதம். சுகப்பிரசவத்துக்கு முயலலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கும் நிலையில், பிரசவ வலியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் லமாஸ், பிராட்லி, ஹிப்னோபர்த்திங் ஆகிய பயிற்சிகளுள் எதைக் கற்பது?

தருமபுரியிலிருந்து பதில்:
சகோதரி, முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கருப்பையில் போட்ட வெட்டைக் கணிக்க முடியாது. கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே வெட்டு இருந்தால், முயல்பவர்களில் 100க்கு 60 முதல் 80 பேர் வரை சுகப்பிரசவம் காண்கிறார்கள். ஆனால் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குக் கருப்பையில் உள்ள தழும்பு பிரியக்கூடும் என்பதால், குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனித்து, தேவைப்பட்டால் உடனே அறுவை செய்யும் வசதியுள்ள மருத்துவமனையே வேண்டும். வலி எடுத்ததும் தாமதிக்காமல் தருமபுரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

ஓசூரிலிருந்து பதில்:
இதே நிலையில் நான் லமாஸைத் தேர்ந்தேன். பிராட்லி, மருந்தில்லாப் பிரசவத்தை வலியுறுத்துவது. வகுப்புகளும் 12 வாரம் நீளும். லமாஸில் வலிநிவாரண ஊசிக்குத் தடையில்லை, மீண்டும் சிசேரியன் ஆனாலும் தோற்றுவிட்டோம் என்ற எண்ணம் வராது. வலி ஏறும்போதெல்லாம் என் கணவர் உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பை அழுத்திப் பிடிக்க, நான் மூச்சை மெல்ல நீட்டி விட்டது இன்றும் நினைவிருக்கிறது. ஹிப்னோபர்த்திங் பயத்தைத் தணிக்கும். எந்தப் பயிற்சியானாலும், தழும்பருகே விடாத வலி வந்தால் மட்டும் அதைப் பொறுத்துக்கொள்ளாமல் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள்.

பென்னாகரத்திலிருந்து:
மிக்க நன்றி, அக்கா. சம்மரியைத் தேடி எடுத்துவிட்டேன்; அடுத்த பரிசோதனைக்குக் கணவரையும் அழைத்துச் செல்கிறேன்.