பொருள்: நர்சிங் மாணவர்களின் 'கிரிட்டிக்கல் திங்கிங்': தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மதுரை வட்டார பி.எஸ்சி. நர்சிங் மாணவர்களுக்கான கேள்வித்தாளுக்கு ஒரு சொல் வேண்டும். 'விமர்சனச் சிந்தனை' சரிவராது. பேச்சுவழக்கில் விமர்சனம் என்றால் குறை சொல்வது. சீனியர் சிஸ்டரை எதிர்த்துப் பேசுவாயா என்று கேட்பதாக நினைத்து, 'மாட்டேன்' பக்கம் டிக் விழும். தலைப்பே விடையைத் திருப்பிவிடும். 'கிரிட்டிக்கல்' என்றே எழுதினால் வார்டில் அதற்கு 'உயிருக்கு ஆபத்து' என்று பொருள். 'திறனாய்வு' இலக்கியத்துக்குப் போய்விட்டது.

நாங்கள் அளக்க விரும்புவது இதைத்தான். பாலமேட்டில் மாடு குத்தி, வயிற்றுக் காயத்தோடு ஒருவர் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார். நாடி 88, மூச்சு 18, பிரஷர் 118/76. அரை மணி நேரம் கழித்து நாடி 124, மூச்சு 28, பிரஷர் 104/84. கட்டுத்துணி நனையவில்லை. 'மேல் அளவு நூறுக்கு மேலேதானே இருக்கு' என்று ஒரு மாணவி சார்ட்டில் குறித்துவிட்டு நகர்கிறார். இன்னொருவர் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி 42-இலிருந்து 20-ஆகச் சுருங்கியதையும் நாடி ஏறியதையும் சேர்த்துப் பார்க்கிறார். உள்ளே ரத்தம் கசியலாம் என்று ஐயப்பட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுகிறார். இந்த வித்தியாசத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

என் பரிந்துரை: 'சீர்தூக்கு சிந்தனை'. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது.

— நர்சிங் ஆசிரியை, மதுரை

---

அன்புள்ள அம்மா,

> என் பரிந்துரை: 'சீர்தூக்கு சிந்தனை'

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் அடங்குகிறது. 1990-இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபேசியோனி 46 வல்லுநர்களிடம் டெல்ஃபி முறையில் சுற்றுச்சுற்றாகக் கருத்துக் கேட்டுத் தொகுத்த 'கிரிட்டிக்கல் திங்கிங்' வரையறையில் ஆறு திறன்கள் உண்டு: பொருள்கொள்ளல், பகுத்தல், மதிப்பிடல், உய்த்துணர்தல், காரணம் விளக்கல், தன்னைத்தானே சரிபார்த்தல். சீர்தூக்கல் என்பது தராசில் இட்டுப் பார்ப்பது. அது மூன்றாவது திறன் மட்டுமே. உங்கள் மாணவி இடைவெளியைக் கவனித்தது பொருள்கொள்ளல். கசிவு என்று ஊகித்தது உய்த்துணர்தல். இரண்டும் தராசுக்கு வெளியே நிற்கின்றன.

குறளில் 51-ஆம் அதிகாரம் 'தெரிந்துதெளிதல்'. அங்கே தெரிதல் என்றால் ஆராய்தல். இன்றைக்கு 'தெரிந்து' என்றால் அறிந்து என்றுதான் படிப்பார்கள். 'தேர்ந்துதெளிதல்' என்று மாற்றினால் தேர்வு, தேர்ச்சி எல்லாம் குறுக்கே வரும். 'தேர்ந்துதெளிதல் தேர்வு' என்று கேள்வித்தாளில் அச்சிட முடியாது.

ஆகவே 'ஆய்ந்துதெளிதல்'. கீரை ஆய்கிற வீட்டில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம்: அழுகலையும் நாரையும் தள்ளி, நல்ல இலையை எடுப்பது. 'தெளிதல்' முடிவுக்கு வருவதைச் சொல்கிறது. வெறும் 'ஆய்வு' என்றால் ரிசர்ச் என்றோ இன்ஸ்பெக்‌ஷன் என்றோ ஆகிவிடும். 'ஆய்ந்து' என்று வினையெச்சமாக நின்றால் அந்தக் குழப்பம் வராது. மென்தொடர்க் குற்றியலுகரம் ஆதலால் இங்கேயும் ஒற்று இல்லை.

— தமிழாசிரியர், திருமங்கலம்

---

ஐயா,

மனதாரச் சம்மதம். தலைப்பு அதுவே இருக்கட்டும், 'சீர்தூக்கல்' மூன்றாவது திறனுக்குப் போகட்டும். ஆனால் அளவீட்டில் இரண்டு பொருள்களைப் பிரித்தே ஆக வேண்டும். ஆய்ந்துதெளியும் *திறன்* வேறு, ஆய்ந்துதெளியும் *நாட்டம்* வேறு. கலிஃபோர்னியா 'கிரிட்டிக்கல் திங்கிங்' திறன் சோதனையின் 1990 வடிவத்தில் 34 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சரியான விடை உண்டு. அதே வரிசையிலுள்ள நாட்ட அளவியில் 75 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு படி ஒப்புதல். 'நான் எதையும் யோசித்துத்தான் செய்வேன்' என்பதற்கு 6 போட்ட மாணவி அந்த நாடியைக் கவனிப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. நாட்ட அளவியைக் கொடுத்துவிட்டுத் திறனை அளந்ததாக எழுதும் ஆய்வேடுகள் மேல் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு. ஒரே சொல் இரண்டுக்கும் ஓடினால் இந்தத் தவறு தமிழிலும் வேர்விடும். 'ஆய்ந்துதெளிதிறன்', 'ஆய்ந்துதெளிநாட்டம்' என்று வைப்போம்.

மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்குவது எதிர்மறைக் கூற்று. 'மாற்றுக் கருத்தைக் கேட்பது தேவையில்லை' என்பதை மறுக்க 'இல்லை' பக்கம் போக வேண்டும். இல்லைக்கு இல்லை என்பதில் அவசரத்தில் படிப்பவர் தடுமாறி, ஒப்புக்கொண்டதாகக் குறித்துவிடுவார். மதிப்பெண் அங்கேதான் தலைகீழாகும். அத்தகைய கூற்றை 'வீண்வேலை' போன்ற நேர்ச்சொல்லால் எழுதலாம்.

திறன் கேள்வியில் இன்னொரு பொறி. ரத்த இழப்பால் வரும் அதிர்ச்சி நிலை ('ஷாக்') பற்றிப் பாடம் படித்திருந்தால்தான் விடை வரும் என்றால், நாம் அளப்பது பாட அறிவு. எனவே இயல்பு அளவுகளைக் கேள்வியின் தலையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

சொல்லை ஏற்பதற்கு முன் ஆறு வல்லுநர்கள் 1 முதல் 4 வரை பொருத்தம் போடட்டும். 3 அல்லது 4 போட்டவர்கள் ஐவர் என்றால் விகிதம் 5/6, அதாவது 0.83, ஏற்கலாம். நால்வர் என்றால் 0.67, வேண்டிய 0.78-க்குக் கீழே, சொல் திரும்பி வரும். அதன்பிறகு முதலாமாண்டு மாணவர்கள் பத்துப் பேரிடம் வாய்மொழியாக 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்கலாம். எழுதச் சொன்னால் அகராதி பேசும்.

பிறகு முன்னோட்டம். 60 பேர் எழுதினால் மொத்த மதிப்பெண்ணில் மேல் 27 விழுக்காடு 16 பேர், கீழும் 16. ஒரு கேள்விக்கு மேலே 12 பேரும் கீழே 5 பேரும் சரியாக விடையளித்தால் பிரிதிறன் (நன்றாகச் செய்பவரைப் பிரித்துக் காட்டும் அளவு) 7/16, அதாவது 0.44, கேள்வி நிற்கும். கீழ்க்குழு அதிகம் சரியாக எழுதிய கேள்வி வந்தால் முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள், அடுத்து மொழிபெயர்ப்பை. மாணவர்களைக் குறை சொல்வது கடைசியில்தான்.

'உய்த்துணர்தல்' மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மாணவர்களுக்கு 'ஊகித்தல்' எளிது, ஆனால் அதில் 'குருட்டாம்போக்கு' வாடை அடிக்கிறது. சான்றோடு சேர்ந்த ஊகத்துக்கு உங்களிடம் வேறு சொல் உண்டா?