பழைய சமையல் எண்ணெயில் செய்யும் பயோடீசல் தொகுப்பு சோப்பாகிப் போவது ஏன்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாழாகும் தொகுப்புகளில் பாதி, மெத்தனால் ஊற்றும் முன்பே பாழானவைதான். ஒன்று தண்ணீர், இன்னொன்று அமிலம். வடிகட்டிய பழைய எண்ணெயைச் சூடான சட்டியில் சில துளி விடுங்கள். சடசடத்தால் ஈரம் இருக்கிறது. 110 டிகிரிக்கு மேல், பொங்கவிடாமல், குமிழி அடங்கும்வரை காய்ச்ச வேண்டும்.

பிறகு டைட்ரேஷன், அதாவது எண்ணெயில் எவ்வளவு அமிலம் என்று அளக்கும் சோதனை. 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் காஸ்டிக் சோடா. இன்னொரு குவளையில் 10 மி.லி. ஐசோபுரோபைல் ஆல்கஹால், 1 மி.லி. எண்ணெய், இரண்டு சொட்டு பினாப்தலின் (நிறம் மாறிக் காட்டும் திரவம்). காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் நிறுத்துங்கள். புது எண்ணெய்க்கே லிட்டருக்கு 3.5 கிராம் காஸ்டிக் சோடா அடிப்படை அளவு; 2 மி.லி. செலவானால் 3.5 + 2 = 5.5 கிராம். அதாவது 10 லிட்டர் எண்ணெய்க்கு 55 கிராம் சோடா, 2 லிட்டர் மெத்தனால்.

---

ஒரு திருத்தம். ஆல்கஹாலிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கும். எண்ணெய் விடும் முன்பே அதை இளஞ்சிவப்பாக்கிக்கொண்டு, அதற்குப் பின் செலவாவதை மட்டும் கணக்கில் எடுங்கள். காஸ்டிக் சோடாவுக்குப் பதில் காஸ்டிக் பொட்டாஷ் என்றால் டைட்ரேஷன் கரைசலும் அதிலேயே. அடிப்படை அளவு 7 கிராம். 90% தூய்மையானால் 7.8. விலை கூடுதல்தான், ஆனால் கிளிசரின் கெட்டியாகிக் குழாயை அடைக்காது.

---

அளவைவிட ஆபத்தானது மெத்தனால். ஆவியும் நஞ்சு, தோல் வழியாகவும் ஏறும், பார்வை போகும். அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. சமையலறையில் வேண்டவே வேண்டாம். திறந்த வெளி, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தீச்சுடர் இல்லாத மின்சூடேற்றி. சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தனாலில் போடுங்கள், கலவை தானே சூடாகும். அலுமினியப் பாத்திரம் கூடாது, அரித்து ஹைட்ரஜன் கிளம்பும்.

எண்ணெய் 55 டிகிரியில் இருக்கும்போது கலவையைச் சேர்த்து, மூடிய கலனில் ஒரு மணி நேரம் கலக்கவும். 64.7-ல் மெத்தனால் கொதித்துவிடும். இரவு முழுக்க விட்டு, அடியில் தேங்கும் கிளிசரினை இறக்குங்கள்.

---

மேலே நிற்கும் பயோடீசலை நீரால் கழுவும் முன் ஒரு சோதனை: 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். அடியில் எண்ணெய் தங்கினால் வினை முடியவில்லை. அதைக் கழுவப்போனால் மோர்போல் ஆகிவிடும், பிரியாது. முதல் கழுவலுக்கு நீரைத் தூவுங்கள், கலக்காதீர்கள். கழுவி முடிந்ததும் ஈரம் போக உலர்த்தியாக வேண்டும்.

பழைய வண்டியில் ஊற்றினால் டேங்க் அழுக்கெல்லாம் கரைந்து வரும். மாற்று ஃபில்டர் கைவசம் இருக்கட்டும். இயற்கை ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள், ஊறி இளகிவிடும்.