35 ஆண்டுகளுக்குப் பின் மட்டக்களப்பு: பழைய நண்பர்களையும் தூரத்து உறவுகளையும் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கல்லடிப் பழையவன் (ரொறன்ரோ) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லடியில் வளர்ந்தவன். 1990 ஆனி மாதத்தில் சண்டை மீண்டும் மூண்டபோது எனக்கு 17 வயது. அந்த ஆண்டு முடிவதற்குள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடா வந்து சேர்ந்தேன். இடையில் ஒரே ஒரு முறை, 2005 தை மாதத்தில், சுனாமி நடந்து சில கிழமைகளில் பத்து நாட்கள் வந்து நின்றேன். அப்போது கடற்கரைப் பக்கம் போகவே மனம் வரவில்லை. யாரையும் தேடும் நிலையிலும் நான் இருக்கவில்லை. அதனால் அதை ஊருக்கு வந்த கணக்கில் சேர்ப்பதில்லை.

வரும் ஆண்டு மூன்று கிழமை விடுமுறை கிடைக்கிறது. இம்முறை ஆட்களைப் பார்ப்பதற்காக மட்டுமே வர விரும்புகிறேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவன் நாவலடியைச் சேர்ந்தவன். இன்னொருவர் மருதமுனையிலிருந்து வந்து பட்டணத்தில் தங்கிப் படித்தவர்; அவருடைய வீட்டுத் தறியில் நெய்த சாரம் ஒன்றை எனக்குத் தந்திருந்தார், அதைக் கொழும்பு வரை உடுத்திப் போனேன். உறவுகள் என்று சொன்னால், அம்மாவின் பக்கத்தில் மண்டூரிலும் தம்பிலுவிலிலும் இருக்கிறார்கள், அல்லது இருந்தார்கள். அம்மாவுக்கு இப்போது 84 வயது. காலை நேரத்தில் நினைவு மிகத் தெளிவாக இருக்கும். மத்தியானத்துக்குப் பின் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்து விடும்.

முகநூலில் தேடிப் பார்த்தேன். தகப்பன் பெயரின் முதல் எழுத்தும் சொந்தப் பெயரும் மட்டும் உள்ள நம் வழக்கத்தில், ஒரே பெயரில் நூறு பேர் வந்து நிற்கிறார்கள். பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழு ஒன்றில் கேட்டதற்கு மூன்று இலக்கங்கள் தந்தார்கள். மூன்றும் எனக்குச் சம்பந்தமில்லாத மனிதர்களுடையவை. எந்த மாதத்தில் வருவது, யாரிடம் முதலில் கேட்பது, எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

பட்டிருப்பு ரீச்சர் எழுதியது:

தம்பி, நீங்கள் தேடுகின்ற முறைதான் பிழைத்திருக்கிறது. தகப்பன் பெயரையும் பழைய விலாசத்தையும் மட்டும் வைத்து மட்டக்களப்பில் ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். நம்முடைய பகுதியில் வீடு பெண்ணுக்குப் போகிறது. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு, பல வேளைகளில் மனைவியின் ஊருக்கே போய் விடுகிறான். ஆகவே உங்கள் நண்பன் எங்கே பிறந்தான் என்பதை வைத்து அவனைப் பிடிக்க முடியாது. அவன் எங்கே பெண் எடுத்தான் என்று கேளுங்கள். அதைச் சொல்லக்கூடியவர் அவனுடைய சகோதரிதான், ஏனென்றால் தாய் வீட்டில், அல்லது தாய் வீட்டு வளவுக்குள், இன்றைக்கும் இருப்பவள் அவள். நாவலடிக்காரர்களில் சுனாமிக்குத் தப்பியவர்கள் பலருக்குத் திராய்மடுவில் வீடு கொடுத்தார்கள். அங்கே போய்ப் பெண்களிடம் விசாரியுங்கள். ஆண்களிடம் கேட்டால் சந்தி வரைக்கும் வழி காட்டுவார்கள். பெண்களிடம் கேட்டால் ஆளையே காட்டுவார்கள்.

உறவைத் தேடுவதற்கு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாம் என்ன குடி? காலிங்கா குடி, படையாண்ட குடி, உலகிப்போடி குடி, பணிக்கனா குடி என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். குடி என்பது குலப் பிரிவு, அது தாய் வழியில் வருவது. உங்களுடைய குடி அம்மாவின் குடிதான், அப்பாவினுடையதல்ல. ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை என்பதால் யார் யாருக்கு என்ன முறை என்பதைப் பழைய ஆட்கள் இன்றைக்கும் மனதில் வைத்திருக்கிறார்கள். மண்டூரிலோ தம்பிலுவிலிலோ கோயில் வண்ணக்கரிடம், அதாவது கோயிலை நிர்வகிப்பவரிடம் போய் "இன்ன குடி, இன்னாருடைய பேரன்" என்று சொன்னால், அரை மணித்தியாலத்துக்குள் உங்களுக்கு மச்சானும் மாமியும் கிடைத்து விடுவார்கள். கிராம சேவகரிடமும் போகலாம், அவரிடம் வாக்காளர் இடாப்பு இருக்கும். ஆனால் இடாப்பில் பெயர் இருக்குமே தவிர, முறை இருக்காது.

மாதத்தைக் கேட்டீர்கள். வைகாசியில் வாருங்கள். நம்முடைய கண்ணகி அம்மன் கோயில்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறைதான், வைகாசிச் சடங்குக்காகக் கதவு திறக்கின்றன. கல்யாணக்கால் நட்டு, சில நாட்கள் பூசை நடந்து, கடைசி இரவு விடியும் நேரத்தில், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி முடிக்கிறார்கள். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், மகிழூர் என்று ஊருக்கு ஊர் நாள் சற்று மாறும். வெளியூரில் பெண் எடுத்துப் போன ஆண்களும், கொழும்பில் வேலை பார்க்கிறவர்களும், வெளிநாட்டிலிருந்து வரக்கூடியவர்களும் அந்த ஒரு கிழமையில் ஊரில் நிற்பார்கள். நீங்கள் முப்பது வீடு ஏறி இறங்கிப் பார்க்கவேண்டிய முகங்களைக் குளிர்த்தி அன்று கோயில் வீதியில் ஒரே இரவில் பார்க்கலாம். வெயிலும் கச்சான் காற்றும் கடுமையாகத்தான் இருக்கும். அதற்காக மார்கழியில் வராதீர்கள். மாரி வெள்ளத்தில் கிட்டங்கிப் பக்கம் ரோட்டே தெரியாது. மாசி, பங்குனியில் வந்தால் ஆம்பிளைகள் எல்லாரும் அறுவடைக்கு வயல் வட்டைக்குள் இருப்பார்கள்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும், இது முக்கியம். நீங்கள் இல்லாத இந்த 35 ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மரணமாவது நடந்திருக்கும். செத்த வீட்டுக்கு வராதவர் முதலில் துக்கம் விசாரிக்க வரவேண்டும். சிரித்துக்கொண்டு சொக்லேட் பையோடு நுழைந்து, சுவரில் மாலை போட்ட படத்தைப் பிறகுதான் பார்த்தீர்களென்றால், அந்த வீட்டில் அதை நெடுநாளைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். யார் யார் இறந்தார்கள் என்று புறப்படும் முன்பே ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீடுகளுக்கு முதலில் போங்கள்.

மருதமுனைக்காரன் எழுதியது:

சகோதரருக்கு அஸ்ஸலாமு அலைக்கும். ரீச்சர் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். கிழக்கில் முஸ்லிம்களிடமும் குடி இருக்கிறது. எங்களிலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். உங்கள் நண்பர் சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ முடித்திருக்கக்கூடும். ஆனால் அவருடைய வாப்பா தறி வைத்திருந்தவர் என்றால் தேடுவது இலகுவாகிறது, ஏனென்றால் எங்கள் ஊரில் நெசவுக் குடும்பங்களை நெசவுக் குடும்பங்கள் அறியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் பள்ளிவாசலருகே வந்து நின்று, வயது போன ஒருவரிடம் தறியையும் பட்டணத்தில் படித்ததையும் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சாரம் இன்னும் உங்களிடம் இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள். கரையையும் நிறத்தையும் பார்த்து, இது இன்னார் வீட்டுத் தறி என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு விடயத்தைத் தயங்கித்தான் எழுதுகிறேன். நீங்கள் போன 1990 இரண்டு பக்கத்துக்கும் கெட்ட ஆண்டு. அந்த ஆண்டின் ஆவணியில் காத்தான்குடியில் பள்ளிவாசலுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். தமிழ்க் கிராமங்களிலும் அதே மாதங்களில் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். என்னுடைய தமிழ் நண்பர் ஒருவரை 2003ல், சமாதான காலத்தில், 13 வருடத்துக்குப் பிறகு சந்தித்தேன். இருவரும் மூன்று மணித்தியாலம் பேசினோம். அதில் இரண்டரை மணித்தியாலம் கணக்கு வாத்தியாரையும் பள்ளிக்கூடத்து மாமரத்தையும் பற்றியே பேசினோம். மற்றதை அவர்தான் தொடங்கினார், அதுவும் நான் எழும்பிப் போகும் நேரத்தில், வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டு. நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருங்கள்.

வைகாசிக்குள் ஹஜ்ஜுப் பெருநாளும் வருகிற காலம் இது. பெருநாளுக்கு அடுத்த நாட்களில் வந்தால் உங்கள் நண்பர் எந்த ஊரில் முடித்திருந்தாலும் உம்மா வீட்டில் தலை காட்டுவார்.

பேர்ண் நகரத்தான் எழுதியது:

என்னுடைய தவறைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படட்டும். 2016ல் நான் ஊருக்கு வந்தபோது காலையில் இரண்டு வீடு, மாலையில் மூன்று வீடு என்று அட்டவணை போட்டு வைத்திருந்தேன். முதல் வீட்டிலேயே அட்டவணை குலைந்தது. வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, மாமி பக்கத்தில் இருந்து பாக்கு வெட்டத் தொடங்கினார். பாக்குவெட்டியின் சத்தம் நிதானமாக விழுந்துகொண்டிருக்கிறது. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன். அவர் அதைப் பார்த்து விட்டார். பாக்குச் சீவலை வட்டாவில் போட்டு, "போற ஆளுக்கு எதுக்கு மனே வெத்திலை" என்று சொல்லி மூடி விட்டார். அதற்குப் பின் நான் இரண்டு மணித்தியாலம் இருந்தும் அவர் முகம் மாறவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று வையுங்கள். நேரம் மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குப் போகலாம்.

அடுத்தது காணி. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து பாட்டியின் வளவு எது, எல்லை எங்கே என்று கேட்டால், காணிக்கு வந்திருக்கிறான் என்றுதான் எண்ணுவார்கள். நான் வளர்ந்த கிணற்றடியைப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையில் வளவுக்குள் நடந்தேன். அன்று மாலையே, காணி உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஒருவர் மூலம் எனக்குத் தெரிவித்தார்கள். நான் அதைக் கேட்கவே இல்லை! ஆகவே முதல் நாளே, முதல் வீட்டிலேயே, காணி பூமி எதற்கும் நான் வரவில்லை என்று வாய் திறந்து சொல்லி விடுங்கள். அந்தச் செய்தி உங்களுக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

வாவிக்கரை எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. மண்டூருக்கு இப்போதும் பாதையில்தான் (வாவியைக் கடக்கும் மிதவையில்) போக வேண்டுமா?

பட்டிருப்பு ரீச்சர் எழுதியது:

குருமன்வெளித் துறையிலிருந்து பாதையில் போவது நேர்வழி. அது ஓடாத நாளில் களுவாஞ்சிகுடியில் திரும்பிப் பட்டிருப்புப் பாலம் கடந்து, வெல்லாவெளி வழியாகச் சுற்றிப் போகலாம். தம்பி 1990க்கு முன் பாதையில் போயிருப்பார். இயலுமானால் இம்முறையும் அதிலேயே போகட்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போகிறவர்களில் மண்டூர் ஆட்கள் யாராவது இருப்பார்கள், விசாரணை தண்ணீரிலேயே தொடங்கி விடும்.

கல்லடிப் பழையவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காலை எட்டு மணிக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, ரீச்சர் சொன்ன கேள்வியைக் கேட்டேன். "பணிக்கனா குடி. இதைக்கூடவா தெரியாது?" என்று என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒன்றரை மணித்தியாலம் பேசினார். நான் ஒரு கொப்பியில் எழுதினேன்: 23 பெயர்கள், அவற்றில் 19 பெண்களுடையவை. இத்தனை ஆண்டுகளாக நான் தேடியது மாமாக்களையும் அவர்களின் மகன்மாரையும்தான். சாரம் அலுமாரியின் அடியில் இருக்கிறது. ஒரு பக்கம் இற்றுப் போயிருந்தாலும் கரை அப்படியே இருக்கிறது. வைகாசிக்குப் பயணச்சீட்டு எடுக்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருக்கிறது. தம்பிலுவிலில் அம்மாவுக்கு ஒரு மச்சாள் இருக்கிறார், அம்மாவை விட இரண்டு வயது இளையவர். 1978 சூறாவளியில் வேலி சரிந்து, பிறகு திருப்பி அடைத்தபோது வேலிக் கதியாலை ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டார்கள் என்று இரு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லாமல் போனது. அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் என்கிறார் அம்மா. ஆனால் அந்த 23 பெயர்களில் முதலாவதாக அவர் சொன்னது அந்த மச்சாளின் பெயரைத்தான். போவதா, விடுவதா?

பட்டிருப்பு ரீச்சர் எழுதியது:

போங்கள். அதுதான் உங்களுடைய முதல் வீடு. கதியால் கதையை நீங்கள் எடுக்க வேண்டாம், அவர் எடுத்தாலும் மறுத்துப் பேச வேண்டாம். சாப்பிடச் சொன்னால் "இப்பதான் சாப்பிட்டேன்" என்று சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு இருங்கள். பின்னேரம் ஐந்தரை மணி வரை அங்கே நில்லுங்கள். அப்போது ரொறன்ரோவில் காலை எட்டு மணி. அம்மாவின் நினைவு தெளிவாக இருக்கும் நேரம் அதுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அழைப்பை எடுத்துப் போனை மச்சாளின் கையில் கொடுத்து விட்டு, நீங்கள் முற்றத்துக்குப் போய் விடுங்கள்.