ஃப்ளைவீல் மாத்தணும்: லைட் ஸ்டீலா, அலுமினியமா?

சிட்டி_கோவை:
வணக்கம்ங்க. என்கிட்ட 2001 ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கு. இன்டேக், எக்ஸாஸ்ட் தவிர இன்ஜின் ஸ்டாக்தான். தெனமும் சிங்காநல்லூர்ல இருந்து ஆபீஸ் போறதும் இதுலதான், வருஷத்துக்கு ரெண்டு மூணு வாட்டி செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்ல ஓட்டறதும் இதுலதான். இப்ப கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சிருச்சு, எப்படியும் கியர்பாக்ஸ் இறக்கித்தான் ஆகணும், அதோட ஃப்ளைவீலையும் (இன்ஜின் கிராங்க் பின்னாடி சுத்தற கனமான சக்கரம்) லைட்டா போட்ரலாம்னு யோசனை. ஸ்டாக் 7 கிலோ சொச்சம் இருக்கும்ங்கறாங்க. வெளிய இருந்து வரவெச்சா அலுமினியம் 4 கிலோ, குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் 5 கிலோ கிட்ட. நம்ம மெக்கானிக் அண்ணன் என்னடான்னா "எதுக்கு தம்பி காச கரியாக்கறே, இருக்கறதையே லேத்துல குடுத்து 2 கிலோ கடைஞ்சு எடுத்துரலாம்"ங்கறாரு. எதைக் கேக்கறதுன்னே தெரியலீங்க.

பட்டறைக்காரன்:
அந்த லேத் வேலைக்கு மட்டும் போயிராதீங்க. நானே கணபதியில லேத் போட்டு ஒக்காந்திருக்கறவன், எனக்கு வர்ற பொழப்ப நானே கெடுத்துக்கறேன்னு வெச்சுக்கோங்க. ஸ்டாக் ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பு இரும்பு. அது நசுக்குனா தாங்கும், இழுத்தா தாங்காது, 7000 ஆர்பிஎம்ல சுத்தறப்ப மொத்தமும் வெளிப்பக்கமா இழுபட்டுக்கிட்டேதான் இருக்கும், அதுல போயி ஒடம்பச் சுரண்டி எடுத்தா என்ன மிச்சம் இருக்கும் சொல்லுங்க. எங்கயோ கடைஞ்ச ஒண்ண ஒரு பையன் பேலன்ஸ் பாக்கணும்னு கொண்டாந்தான். கிளட்ச் ஒரசற எடமெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்கு, போல்ட் ஓட்டையில இருந்து வெளிப்பக்கமா முடி மாதிரி ஒரு கோடு. கண்ணுக்கு சரியா தெரியல, நகத்த வெச்சு ஓட்டுனா தட்டுப்படுது. ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் உள்ள ஒக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்கற தகடு) இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் உங்க காலு. அவ்வளவுதான் நான் சொல்லுவேன். ஸ்டீல் வாங்குனா ஃபோர்ஜிங்கா (அடிச்சு உருவாக்குனது), பில்லட்டா (முழுக் கட்டியில கடைஞ்சது)ன்னு கேட்டு வாங்குங்க, எஸ்எஃப்ஐ 1.1 (ரேஸ் பார்ட்ஸுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) முத்திரை இருந்தா இன்னும் நல்லது.

ரேஷியோ_ராஜா:
எத்தனை கிலோ கொறையுதுங்கறத விட எங்க கொறையுதுங்கறதுதான் மேட்டர். நடுவுல எடுத்த ஒரு கிலோவும் விளிம்புல எடுத்த ஒரு கிலோவும் ஒண்ணு கிடையாது, ஆரம் ரெண்டு மடங்குன்னா இனர்ஷியா (வேகத்த மாத்த விடாம காட்டற எதிர்ப்பு) நாலு மடங்கு. அதனால வாங்கறப்ப எடைய மட்டும் பாத்து ஏமாறாதீங்க.

சும்மா ஒரு தோராயக் கணக்கு போட்டேன். 11 செ.மீ ஆரத்துல இருந்து 3 கிலோ எடுக்கறீங்க, ஃபர்ஸ்ட் கியர்ல ஃபைனல் டிரைவும் சேத்து ரேஷியோ 14 (டயர் ஒரு சுத்து சுத்த இன்ஜின் 14 சுத்து), டயர் ஆரம் 28 செ.மீ.ன்னா, ஆக்ஸிலரேஷனுக்கு வண்டியில இருந்து 90 கிலோ எறக்குன மாதிரி. அதே ஃபிஃப்த் கியர்ல ரேஷியோ 3ன்னா வெறும் 4 கிலோ! ரேஷியோ அங்க ஸ்கொயர் ஆகுது, அதான். கரில செகண்ட், தேர்ட்ல கார்னர விட்டு வெளிய வர்றப்ப தெரியும், அவினாசி ரோட்ல ஃபிஃப்த்ல போறப்ப ஒரு மண்ணும் தெரியாது. அப்புறம் ஹெச்பி ஏறும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, இன்ஜின் பவர் அதேதான், தன்னைத்தானே சுத்திக்கறதுக்கு செலவாகறது மட்டும்தான் மிச்சம்.

வைகைக்காரன்:
எல்லாரும் ஸ்டீலுக்கே கொடி பிடிக்கிறீங்க, நான் பழைய சிவிக்ல நாலு வருஷமா அலுமினியம்தான் ஓட்டிட்டு இருக்கேன், அதுவும் மதுரை டிராஃபிக்ல. கொடைக்கானல் ஏறுறப்ப ஹேர்பின்ல டவுன்ஷிஃப்ட்டுக்கு ஆக்ஸிலேட்டர லேசா தட்டுனாலே ஆர்பிஎம் சட்டுனு எந்திரிக்கும் பாருங்க, அந்த சுகத்துக்கே காசு குடுக்கலாம். ஆனா பொய் சொல்லக்கூடாது, மொத மாசம் வீட்டு வாசல் ஏத்தத்துல தெனம் ரெண்டு தடவ ஆஃப் ஆகும், பக்கத்து வீட்டு பெரியவர் "புதுசா வண்டி பழகுறியாப்பா"ன்னே கேட்டுட்டாரு. ஏசி போட்டா ஐடிலிங் நடுங்குச்சு, 750 ஆர்பிஎம்ல இருந்தத 950க்கு ஏத்தி வெச்சதும்தான் அடங்குச்சு. நியூட்ரல்ல கியர்பாக்ஸ் கலகலன்னு ஒரு சத்தம் போடும், கிளட்ச மிதிச்சா நின்னுரும், அது கோளாறு இல்ல.

இன்னொண்ணு, அலுமினியத்துல கிளட்ச் ஒரசறதுக்குன்னு தனியா ஸ்டீல் தகடு போல்ட் பண்ணிருப்பாங்க. தேஞ்சா அத மட்டும் மாத்தலாம், ஆனா அந்தத் தகடு கெடைக்குமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. ட்ராஃபிக்ல கிளட்ச பாதி மிதிச்சே ஓட்டுற ஆளா இருந்தா தகடு சூடாகி நெளியும். அந்தப் பழக்கம் இருந்தா பேசாம ஸ்டீல் போடுங்க.

பட்டறைக்காரன்:
மதுரைக்காரர் சொன்னது சரிதான். ட்ராக்குக்கு மட்டும்னா நானும் அலுமினியம்தான் சொல்லுவேன். இவரு தெனம் ஆபீஸ் போற ஆளு, 5 கிலோ ஸ்டீலே போதும். கியர்பாக்ஸ் எறக்குனா கிராங்க் பின்னாடி ஆயில் சீலயும் மாத்திருங்க, நூறு எரநூற மிச்சம் பிடிச்சு புது கிளட்ச்ல ஆயில் வழிய விட்றாதீங்க. ஃப்ளைவீல் போல்ட்டும் புதுசு.

சிட்டி_கோவை:
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். சிக்னல்ல கிளட்ச்ல காலு வெச்சே நிக்கற ஆளுதாங்க நானு, அதனால ஸ்டீலே ஆர்டர் போட்டுட்டேன். அண்ணன்கிட்ட லேத் வேணாம்னு சொன்னதுக்கு மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை பாக்ஸ எறக்கறோம், பழைய ஃப்ளைவீல தூக்கிட்டு கணபதிக்கு வரேன், ஒருக்கா நகத்த வெச்சு பாத்து சொல்லிருங்க.

பட்டறைக்காரன்:
ஞாயிறு பட்டறை லீவுங்க. திங்கக்கிழமை வாங்க.