மறு: வயர்லெஸ் சார்ஜிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> 'கம்பியில்லா மின்னேற்றம்' போதுமே, எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது, சரி. ஆனால் வைஃபை போல மின்சாரமும் காற்றில் பரவி வருகிறது என்று புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் போனை வைக்கும் சார்ஜிங் தட்டுக்குள் ஒரு கம்பிச்சுருள், போனின் பின்பக்கம் இன்னொரு சுருள். தட்டின் சுருளில் நொடிக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது, அதன் காந்தப்புலம் போனின் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல். தட்டிலிருந்து சுவர் வரை கம்பியும் இருக்கத்தான் செய்கிறது!

அதனால் 'தூண்டல் மின்னேற்றல்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. 'மின்னேற்றம்' என்று முடிக்காததற்குக் காரணம், இலங்கைப் பாடநூல்களில் அது மின்துகளின் பண்பையே (எலக்ட்ரிக் சார்ஜ்) குறிக்கிறது. தமிழ்நாட்டில் 'மின்னூட்டம்' என்பதற்கும் அதே சிக்கல். 'ஏற்றல்' என்றால் செயல் என்பது தெளிவு. நிலைமின்னியலில் 'தூண்டல் மூலம் மின்னூட்டம்' என்று ஒரு பாடம் உண்டே என்று கேட்பீர்கள். குழப்பம் வரும் இடத்தில் 'காந்தத் தூண்டல்' என்று விரித்து எழுதிவிடலாம்.

இந்தச் சொல்லை நான் வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் மின் இழப்பு. 2020-இல் பிக்சல் 4 போனை வைத்து ஒரு தொழில்நுட்ப எழுத்தாளர் அளந்து பார்த்தார். கேபிளில் முழுதாக ஏற்ற சுமார் 14 வாட்-மணி, தட்டில் சராசரியாக 21. ஏறக்குறைய பாதி கூடுதல். அடாப்டர் தரும் நேர்மின்னோட்டத்தை (DC) தட்டு மாறுமின்னோட்டமாக்குகிறது (AC), போன் அதைத் திரும்ப நேர்மின்னோட்டமாக்குகிறது. இரண்டு இடத்திலும் இழப்பு. நடுவே சுருள்களின் மின்தடை, அப்புறம் பக்கத்திலுள்ள உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தைச் சூடாக்குவதும் இதே சுழல் மின்னோட்டம்தான். அங்கே அந்தச் சூடு வேண்டும். இங்கே அது வீண், போதாததற்கு லித்தியம் பேட்டரியின் ஆயுளையும் குறைக்கிறது.

தினமும் 7 வாட்-மணி கூடுதல் என்றால் ஆண்டுக்கு இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் 1000 வாட்-மணி). வீட்டுக் கணக்கில் தெரியாது. ஒரு கோடி போன்களுக்கு இரண்டரைக் கோடி யூனிட், அதை மின்நிலையம் உற்பத்தி செய்தாக வேண்டும். 'கம்பியில்லா' என்ற சொல்லில் வசதி மட்டுமே தெரிகிறது. 'தூண்டல்' என்றால் இடையில் ஒரு மாற்றம் நடக்கிறது, அதற்கு ஒரு விலை உண்டு என்று விளக்க இடம் கிடைக்கிறது.

இன்னொன்றும் பாக்கி. போனைச் சற்று ஓரமாக வைத்தால் சுருள்கள் நேருக்கு நேர் வராமல் இழப்பு இன்னும் ஏறும். வயர்லெஸ் சார்ஜிங்குக்கென 2023-இல் அறிவித்த சீ2 (Qi2) தரத்தில் காந்தம் சேர்த்தது போன் சரியான இடத்தில் ஒட்டி நிற்கத்தான். இந்த இழப்புக்கு 'விலகல் இழப்பு' என்று எழுதிப் பார்த்தேன். இயற்பியலில் ஒளி விலகல் இருப்பதால் கொஞ்சம் இடிக்கிறது. 'நேர்பிசகு இழப்பு' எப்படி? இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.