வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே சொந்தப் படம் எடுக்க முடியுமா?

வைகைக்கரை:
சுயாதீனப் படம் எடுக்க நினைப்பவரைக் கல்லூரி விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையில் வேலைக்குச் சேரச் சொல்வது தப்பான யோசனை. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. இன்டர்னல் மார்க், விடைத்தாள் எல்லாம் தனி. மிச்சமாகும் இரண்டு மணி நேரத்தில் எடிட்டிங் நகராது. போனமுறை பார்த்த ஃபுட்டேஜை (எடுத்த காட்சிகளை) மனதில் மறுபடி ஏற்றவே அந்த நேரம் தீர்ந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் படமாக்க நினைத்தால், அந்தச் சமயம் பார்த்துத்தான் செமஸ்டர் தேர்வுப் பணி வந்து நிற்கும்.

நான்மாடக்கூடல்:
அண்ணே, சித்திரையைச் சொன்னீங்க, தையை விட்டுட்டீங்களே. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஜல்லிக்கட்டும் பொங்கல் லீவுக்குள் வருகின்றன. சம்பளம் இல்லாதவர் கல்யாண வீடியோவுக்குத்தான் போகணும். முகூர்த்த மாதங்களில் அவருக்கு ஞாயிறுகூட மிஞ்சாது. மாதச் சம்பளம் இருந்தால் யாரிடமும் கை நீட்டாமல் படத்தை நிதானமாக முடிக்கலாம். மாணவர்களே யூனிட்டாகவும் வருவார்கள்.

வைகைக்கரை:
நடவும் அறுப்பும் லீவுக்குக் காத்திருக்காது தம்பி. மாணவர் யூனிட்டில் ஒரு கேமரா நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடும், இன்னொன்று 25இல். கைபேசியில் ஃபிரேம் ரேட் நிலையாக நிற்காது. காட்சி நீள நீள ஒலி உதட்டை விட்டு விலகும்.

மேலூர் ஒலி:
அதைச் சரிசெய்யலாம். எல்லாக் கேமராவும் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் வெளிச்சம் துடிக்காது. ஒலி 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட். கைபேசிக் காட்சியை எடிட்டுக்கு முன்பே நிலையான 25க்கு மாற்றிக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏறிய பிறகே கார்டை அழிக்கணும்.

இருவரும் தொடாதது உரிமை. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, பணியின் பகுதியாக உருவானதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். கல்லூரிக் கேமராவைத் தொடும் முன்பே கடிதம் வாங்குங்கள்: படத்தின் பெயர், தயாரிப்பாளர் நீங்கள்தான் என்பது, பணி நேரத்துக்கு வெளியே எடுப்பது, கருவிக்கு வாடகை உண்டா இல்லையா. இசையோ வசனமோ தந்த மாணவரிடமும் கையெழுத்து வேண்டும். டைட்டிலில் அவர் பெயரும் வரணும். இன்டர்னல் மார்க்கைக் காட்டி வேலை வாங்குவது அநியாயம்.

நான்மாடக்கூடல்:
கடிதம் அவசியம், ஒத்துக்கொள்கிறேன். நேரத்துக்கும் வழி உண்டு. தியரி பேப்பர் ஐந்து நாளுக்கும் சிதறும். ப்ராக்டிகல் பேப்பர்களாகக் கேட்டு வாங்கினால் 16 மணி நேரம் மூன்று நாளில் அடங்கும். டைம்டேபிள் போடும் முன்பே துறைத்தலைவரிடம் பேசிவிடணும்.

வைகைக்கரை:
வகுப்பு அடங்கும், ஆள் வெளியே வர முடியாது. அதே யுஜிசி விதி, முழுநேர ஆசிரியர் தினமும் குறைந்தது 5 மணி நேரம் கல்லூரியில் இருக்கணும் என்கிறது. நீங்கள் சொல்வது மணிக்கணக்கில் ஊதியம் பேசி வருகிறவருக்குத்தான் பொருந்தும். அவருக்கு லீவு மாதங்களில் சம்பளம் கிடையாதே, அப்போது எதை வைத்துப் படத்தை நிதானமாக முடிப்பார்?