கன்கஷனுக்குத் தமிழில் என்ன? வியாழன் மாலைக்குள் வேண்டும்

மெல்பர்ன் மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு

அன்பு குழும நண்பர்களே,

அவசரம். இங்கே ஒரு சிறுவர் ஃபுட்டி மன்றத்துக்காகப் பெற்றோர் அறிவிப்பு ஒன்றைத் தமிழில் செய்கிறேன். ஒரே பக்கம். உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டுவார்கள், வீட்டுக்கும் ஒரு பிரதி போகும். வியாழன் மாலை ஐந்து மணிக்கு அச்சு. ஃபுட்டி என்றால் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து: முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், அணிக்கு 18 பேர், காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தியும் அனுப்பலாம், பந்து வைத்திருப்பவனைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கலாம். தோளுக்கு மேலே கை வைக்கக் கூடாது.

மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: கன்கஷன் (தலை உலுங்கி மூளையின் இயக்கம் கெடுவது), ஹை கான்டாக்ட் (தோளுக்கு மேலே மோதுவது), சஸ்பென்ஷன் (ஆடவிடாமல் நிறுத்தி வைப்பது). பழைய தாளில் யாரோ ‘மூளை அதிர்ச்சி’, ‘உயர் தொடர்பு’, ‘இடைநீக்கம்’ என்று போட்டிருந்தார்கள். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் குனிந்து பந்தை எடுக்கும்போது எதிரணிப் பையனின் தோள் அவன் தாடையில் பட்டது. கன்கஷன். சமூக அளவிலான ஆட்டங்களில் கன்கஷன் ஆனவர் குறைந்தது 21 நாள் போட்டியில் ஆடக் கூடாது, 2024 முதல் விதி இது. தாளில் ‘21 நாள் இடைநீக்கம்’ என்று இருந்தது. அவனுடைய அப்பா தாளை என் முன்னால் நீட்டி, “இடித்தவனுக்கு இரண்டு ஆட்டம், அடி வாங்கியவனுக்கு மூன்று வாரமா? என் பிள்ளை என்ன தப்பு செய்தான்?” என்று கேட்டார். மதுரையிலிருந்து பாட்டி வீடியோ அழைப்பில், “அதிர்ச்சிதானே, பிள்ளை பயந்திருப்பான், திருநீறு பூசித் தூங்க வை” என்றிருக்கிறார். தூங்க வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை பையன் பயிற்சிக்கே வந்துவிட்டான். பூட்ஸ் கயிற்றின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் பயிற்சியாளர் அவனை வீட்டுக்கு அனுப்பினார்.

ஆகவே எனக்கு அழகான சொல் வேண்டாம். அந்த அப்பாவுக்கும் அந்தப் பாட்டிக்கும் புரிகிற சொல் வேண்டும்.

கோவை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் அதிகாலை

அம்மா, உங்கள் சிக்கல் சொல்லின் ஈற்றில் இருக்கிறது. அதிர்ச்சி மனத்துக்கு, அதிர்வு பொருளுக்கு. மின்னதிர்ச்சி என்று சொல்லிச் சொல்லியே இந்த வேறுபாட்டை அழித்துவிட்டோம். தொல்காப்பியர் உரியியலில் ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்’ என்கிறார். இரண்டும் நடுக்கமே என்றாலும் அதிர்வில் ஓசையின் சாயல் இருக்கிறது, முரசு அதிரும், நிலம் அதிரும். ஓசையில்லாமல் உள்ளுக்குள் நடுங்குவதற்கு விதிர்ப்புதான் பொருத்தம். இலத்தீன் வேருக்கும் ‘உலுக்குதல்’ என்றே பொருள் என்று அகராதி சொல்கிறது. எனவே ‘மூளைவிதிர்ப்பு’ என்பது என் பரிந்துரை. நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன சொல்லை எடுத்துப் புழங்காமல் ‘கன்கஷன்’ என்றே எழுதிவிட்டுப் போவதற்கு இந்தக் குழுமம் எதற்கு?

சென்னை, கணினிக்காரர், செவ்வாய் காலை

ஐயா, ‘விதிர்விதிர்த்துப் போனான்’ என்று இன்றைக்கும் எழுதுகிறோம், அதற்குப் பயந்து நடுங்கினான் என்றுதான் பொருள். பாட்டி மறுபடியும் திருநீற்றுத் தட்டைத்தான் எடுப்பார். அதிர்ச்சியில் எந்தக் குழியில் விழுந்தோமோ அதே குழி.

கன்கஷன் என்றே விட்டால் என்ன? கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. 2020 டிசம்பரில் கான்பெராவில் நடந்த இருபது ஓவர் ஆட்டம் நினைவிருக்கிறதா? ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது, கன்கஷன் சப் என்று சாஹலை இறக்கினார்கள், அவர் மூன்று விக்கெட் எடுத்தார், ஆஸ்திரேலியர்கள் முகம் சுளித்தார்கள். நம் நடராஜன் சர்வதேச இருபது ஓவரில் அறிமுகமானதும் அந்த ஆட்டத்தில்தான், அவருக்கும் மூன்று. அவருடைய ஊரான சின்னப்பம்பட்டி டீக்கடையில் அன்றைக்கு யாரும் அகராதியைத் தேடியிருக்க மாட்டார்கள்.

கோவை, சற்று நேரத்தில்

டீக்கடையில் புரிந்தது ‘சப்’ என்கிற பாதிதான். ஆள் மாறினான் என்று தெரியும், ஏன் மாறினான் என்று தெரியாது. கேட்டுப் பாருங்கள்.

திருச்சி, மருத்துவர், செவ்வாய் மதியம்

புலவரையா சொல்வது சரி, நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ‘மாப்பிள்ளைக்கு மயக்கம் வந்துடுச்சு’ என்று பதில் வந்தது. முதலில் அது தவறு: கன்கஷன் ஆக மயக்கம் போட்டு விழ வேண்டியதில்லை, பெரும்பாலானவர்கள் நினைவோடுதான் இருப்பார்கள். தலையில் நேராக அடி படவும் வேண்டாம், மார்பில் பலமாக இடித்துக் கழுத்து வெட்டி ஆடினாலும் போதும். ஸ்கேன் எடுத்தால் சாதாரணமாகவே இருக்கும், ஏனென்றால் கெட்டுப்போவது அமைப்பு இல்லை, இயக்கம். நான் தேங்காயைச் சொல்லி விளக்குவேன். கடையில் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோமே, ஓட்டில் கீறல் இல்லை, உள்ளே தண்ணீர் தளும்புகிறது. ஓடு உடையவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. சில பிள்ளைகள் போடுகிற அந்த மெத்தென்ற தலைக்கவசமும் கீறலைத் தடுக்கும், கன்கஷனைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

எனவே ‘தலைக்காயம்’ வேண்டாம், ரத்தம் எங்கே என்று தேடுவார்கள். ‘மூளைக்காயம்’ மருத்துவப்படி சரிதான், ஆனால் அப்பா அம்மா பயந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் கொஞ்சம் பயப்படட்டும் என்பேன். தலையில் மறுபடி மறுபடி அடி பட்டால் பல ஆண்டுகள் கழித்து மூளை சிதையலாம், அந்த நோயை இறந்த பிறகு மூளையை ஆய்ந்துதான் உறுதிசெய்ய முடிகிறது. இந்த ஃபுட்டியில் பெருந்தலையாக இருந்த கிரஹாம் ஃபார்மருக்கு அது இருந்ததை 2020இல் சொன்னார்கள். 2023இல் ஹெதர் ஆண்டர்சனுக்கும் இருந்ததாகச் சொன்னார்கள், பெண்கள் அணியில் ஆடியவர், இறக்கும்போது 28 வயது. அதனால் ‘லேசான குலுக்கம்’ மாதிரி எதையும் எழுதிவிடாதீர்கள்.

சென்னை

‘மூளைக் குலுக்கல்’ என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: பரிசுச் சீட்டு.

மெல்பர்ன், யாழ்ப்பாணத்து அண்ணை, செவ்வாய் இரவு

தங்கச்சி, நான் இங்கே வந்தது எண்பதுகளில். அப்போது ஒருவரும் கன்கஷனைப் பற்றிக் கதைக்கவில்லை. 1989 இறுதியாட்டத்தில் முதல் பந்து விழுந்த கையோடு ஜீலாங் அணியின் மார்க் யேட்ஸ் ஓடிவந்து ஹாதார்னின் டெர்மட் பிரெரட்டனை இடித்தார். விலா எலும்பு முறிந்தது. அந்த மனுசன் எழும்பி ஆடி கோலும் அடித்தார், ஹாதார்ன் ஆறு புள்ளியில் வென்றது. நாங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் கைதட்டினோம், வீரம் என்று சொன்னோம். இன்றைக்கு அப்படி ஓடிவந்து இடித்துத் தலையில் பட்டால் ட்ரிபியூனலுக்குத்தான், அதாவது லீக்கின் விசாரணை மன்றத்துக்குத்தான், போக வேண்டும். 2024 மார்ச்சில், அதுவும் வெறும் பயிற்சி ஆட்டத்தில், செயின்ட் கில்டாவின் ஜிம்மி வெப்ஸ்டர் ஜை சிம்ப்கினை இடித்ததற்கு ஏழு ஆட்டம் தடை.

சொல்லுக்கு வருவோம். ‘உயர் தொடர்பு’ என்று எழுதினால் பெடியனுக்கு மேலிடத்தில் ஆள் இருக்கு, மந்திரியைத் தெரியும் என்று அர்த்தம் வரும். ‘தோளுக்கு மேல் மோதல்’ என்று போடுங்கோ, விதியும் அதுதான். பம்ப் என்பதற்கு ‘இடி’ இருக்கவே இருக்கு, பஸ்ஸில் ஏறின எல்லோருக்கும் தெரியும். சஸ்பென்ஷனுக்கு எங்கள் பக்கம் ‘இடைநிறுத்தம்’, உங்கள் பக்கம் ‘இடைநீக்கம்’. இரண்டும் கந்தோர்ச் சொற்கள். லஞ்சம் வாங்கின கிளார்க்குக்குப் பொருந்தும், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது.

கோவை, புதன் அதிகாலை

இடி! அருமை. வள்ளுவர் ‘இடிக்குந் துணையார்’ என்று கண்டித்துத் திருத்துவோரைச் சொன்னார். உடலால் இடிப்பதும் சொல்லால் இடிப்பதும் ஒரே வினைதான். ஆக இடித்தவனை இடித்துரைக்கும் மன்றத்தை ‘இடிமன்றம்’ எனலாம். இன்னொன்று: குனிந்து பந்தெடுப்பவன் தலையைக் காக்க வேண்டும் என்கிறார்களே, இது நமக்குப் புதிதில்லை. புறப்பொருள் வெண்பாமாலையில் ஐயனாரிதனார் ‘தழிஞ்சி’ என்று ஒரு துறையே சொல்கிறார், புறங்கொடுத்தவன் மேல் வாள் ஓச்சாத மறம். தொல்காப்பியத்தில் தழிஞ்சிக்குப் பொருள் வேறு, புண்பட்டவரைப் போய்ப் பார்த்துத் தழுவுவது. இரண்டு பொருளும் இந்த ஆட்டத்துக்கு எவ்வளவு பொருந்துகின்றன பாருங்கள். (நீண்டுவிட்டது, மன்னிக்கவும்.)

மெல்பர்ன் மொழிபெயர்ப்பாளர், புதன் காலை

ஐயா, தழிஞ்சியை இன்னொரு நாள் வாசிக்கிறேன், சத்தியமாக. ‘இடி’, ‘தோளுக்கு மேல் மோதல்’ இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அண்ணை சொன்ன மாதிரி கந்தோர்ச் சொல் வேண்டாம்: இடித்தவனுக்கு ‘ஆட்டத்தடை’, அடிபட்டவனுக்கு ‘கட்டாய ஓய்வு’. தடைக்கு ஆட்டக் கணக்கு, ஓய்வுக்கு நாள் கணக்கு. இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டுவிட்டேன். அந்த அப்பாவின் கேள்விக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அறிவிப்பில் ‘இடித்தவரின் குற்றம்’ என்று ஒரு வரி வருகிறது. குற்றமா, தவறா?

மெல்பர்ன், யாழ்ப்பாணத்து அண்ணை

தவறு என்றும் சொல்ல ஏலாது. 2023 செப்டம்பரில் எம்சிஜி மைதானத்தில் என்ன நடந்தது? ஆங்கஸ் பிரேஷா உதைத்த பந்தை மறிக்க காலிங்வுட் அணியின் பிரேடன் மேனார்ட் எழும்பிப் பாய்ந்தார். பந்து தப்பிவிட்டது, ஆள் அந்தரத்தில், தோள் பிரேஷாவின் தலையில். ட்ரிபியூனல் மேனார்டை விடுவித்தது. பிரேஷா அதற்குப் பிறகு ஆடவே இல்லை, 2024 பிப்ரவரியில் 28 வயதில் மருத்துவர்கள் சொல்லி ஓய்வு பெற்றார். பிறகு அவர்கள் விதியை மாற்றினார்கள்: மறிக்கப் பாய்கிறேன் என்று தரையை விட்டு எழும்பித் தலையில் பட்டால் கவனக்குறைவாவது உண்டு என்று கொள்வார்களாம். நான் காலிங்வுட் ஆதரவாளன், அன்றைக்கு விடுவித்தது சரி என்று கத்தினேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. ‘கவனக்குறைவு’ என்றே எழுதுங்கோ, அவர்களுடைய தரப்பிரிப்பிலும் அதுதான் இருக்கு: கவனக்குறைவா, வேண்டுமென்றா.

தஞ்சாவூர், பள்ளி ஆசிரியை, புதன் மதியம்

எல்லோரும் மூளையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் பள்ளி கபடித் திடலில் பையன்கள் முட்டிக்கொண்டால் என்ன சொல்வார்கள் தெரியுமா? ‘டீச்சர், அவனுக்குப் பொறி கலங்கிடுச்சு.’ கண் நிலைகுத்தாது, ரத்தம் வராது, ஆனால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பான். அந்த பூட்ஸ் கயிற்றுப் பையன் அப்படித்தானே உட்கார்ந்திருந்தான்? சொல் ஏற்கெனவே இருக்கிறது.

கோவை, பத்து நிமிடத்தில்

அம்மா, நீங்கள் நீடு வாழ்க. விதிர்ப்பை நான் கைவிடுகிறேன். பொறி என்பது ஐம்பொறி, ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’. ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று’ என்ற இடத்தில் பரிமேலழகர் விதி என்று பொருள் கொண்டார், உறுப்பு என்று கொள்வாரும் உண்டு. இங்கே எப்படிக் கொண்டாலும், பழியன்று! அடிபட்ட பிள்ளைக்கு அந்த அப்பாவிடம் சொல்ல வேண்டிய விடையே அதுதான். பொறிக்கலக்கம்!

சென்னை

நான் பொறியியல் படித்தவன். ‘பொறிக்கலக்கம்’ என்றால் எனக்கு வண்டியின் எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. எலிப்பொறியும் இருக்கிறது.

திருச்சி, மருத்துவர்

எனக்குப் பொறி கலங்கல் பிடித்திருக்கிறது, ஆனால் தலைப்பாக வேண்டாம். ‘உனக்குப் பொறி கலங்கிவிட்டதா’ என்று கேட்டால் பாதி ஊருக்குக் கிண்டலாகக் கேட்கும், சிரித்துவிட்டு விளையாடப் போய்விடுவான். அறிகுறிப் பட்டியலில் முதல் வரியாகப் போடுங்கள்: ‘பொறி கலங்கியது போல் நிற்பது’. தலைப்புக்கு ‘மூளை அதிர்வு’. அதிர்ச்சி இல்லை, அதிர்வு. புலவரையா முதல் மடலில் அவரே பிரித்துக் கொடுத்ததுதான்.

மெல்பர்ன் மொழிபெயர்ப்பாளர், வியாழன் மதியம்

கணக்கு: மூளை அதிர்வுக்கு ஆறு பேர், அதில் மூன்று பேர் ‘எதையாவது போடுங்கள்’ என்று எழுதியவர்கள். பொறிக்கலக்கத்துக்கு இரண்டு. கன்கஷனுக்கு ஒன்று. வடிவமைப்பாளர் கொடுத்த கட்டம் என் உள்ளங்கை அகலம்கூட இல்லை, ‘மூளை’ ஒரு வரி, ‘அதிர்வு’ ஒரு வரி என்று சரியாக உட்காருகிறது. உண்மையைச் சொன்னால் அதுதான் என் முடிவுக்குப் பாதிக் காரணம். கீழே சின்ன எழுத்தில் ‘பிள்ளைகள் கன்கஷன் என்பது இதைத்தான்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். ஆங்கிலத்தில் ‘இஃப் இன் டவுட், சிட் தெம் அவுட்’ என்று இயைபோடு இருந்த முழக்கத்துக்கு ஐயா அனுப்பிய ‘ஐயமா? அமர்த்து!’ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அமர்த்து என்றால் வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி இருப்பதால் ‘சந்தேகமா? உட்கார வை’ என்று போய்விட்டது.

நான்கு ஐம்பதுக்கு அனுப்பினேன் என்று எழுத ஆசைதான், ஆனால் ஒரு மணிக்கே அனுப்பிவிட்டேன், இல்லையென்றால் இன்னும் மடல் வரும் என்று தெரியும்.

கோவை, வெள்ளி அதிகாலை

பெரும்பான்மையை மதிக்கிறேன், ஏற்கவில்லை. அதிர்வு என்று நான் பிரித்துக் கொடுத்தது உண்மைதான், ஆனால் கைபேசி அதிர்வு வந்தபின் அந்தச் சொல்லின் எடை போய்விட்டது. சட்டைப்பையில் அதிர்வதும் மண்டைக்குள் அதிர்வதும் ஒன்றா? என் மாற்றுக்கருத்தைக் குழுமப் பதிவில் வைத்துக்கொள்ளவும். அடுத்த பதிப்பு எப்போது என்றும் தெரிவிக்கவும். அப்புறம், நான்கு நாளாக எல்லோரும் ‘ஃபுட்டி’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம், ஒருவரும் கேட்கவில்லை. கையாலும் குத்துகிற ஆட்டத்துக்குக் கால்பந்து எப்படிப் பொருந்தும்? தனி இழை தொடங்குகிறேன்.